கைக்குழந்தையோடு பயணம்: எந்தப் பையில் எதை வைப்பது?

கோடை விடுமுறையை முன்னிட்டு, சிறு குழந்தைகளுடன் வெளியூர் செல்வது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம் ஆகிறது. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதற்காகச் சென்னையிலிருந்து இரவு ரயிலில் திருநெல்வேலிக்குச் சென்று, மூன்று நாள் தங்கித் திரும்ப இருக்கிறோம். மாமியார் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்; என் அம்மா தொலைபேசியில் இன்னொரு பட்டியல் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தால் குழந்தைக்கு மட்டுமே மூன்று பைகள் ஆகின்றன. எதை விடுவது என்று தெரியவில்லை.
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டு பட்டியல்களையும் எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளும் ரயிலில் வேண்டுமா, போய்ச் சேர்ந்த பிறகு வேண்டுமா, அந்த ஊர்க் கடையில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். டயப்பர், குழந்தை சோப்பு, பருத்தித் துணி ஆகியவை திருநெல்வேலியில் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும் என்பதால், மூன்று நாளைக்கான பொட்டலத்தைச் சென்னையிலிருந்து சுமந்து செல்ல வேண்டியதில்லை. பயணத்துக்கும் முதல் நாளுக்கும் போதுமான அளவு இருந்தால் சரி. உங்கள் மகன் வழக்கமாகப் படுத்துறங்கும் பழைய புடவைத் துண்டும், அவனுக்கென்று மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்த சீட்டும், தடுப்பூசி அட்டையும் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. அவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

ரயிலில் வேண்டியவை அனைத்தும் தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரே பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி இருக்கைக்கு அடியில் போய்விட்டால், மறுநாள் காலை இறங்கும்வரை அதைத் திறக்கத் தேவையே வராதபடி அடுக்க வேண்டும். பெட்டியில் விளக்கணைத்த பிறகு, ஒரு கையில் அழும் குழந்தையும் மறு கையில் கைபேசி வெளிச்சமுமாகப் பையைத் துழாவும் நிலை வராமலிருக்க, வீட்டிலேயே சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டயப்பர் அல்லது லங்கோடு, ஒரு மேல்சட்டை, துடைக்க இரண்டு பருத்தித் துணிகள், அழுக்கைப் போட ஒரு கவர் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால், எத்தனை முறை மாற்ற வேண்டியிருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு சுருளை மட்டும் உருவினால் போதும். ஓர் இரவுக்கு நான்கு அல்லது ஐந்து சுருள்கள் வேண்டும். இதோடு, படுக்கையின் மீது விரிக்க ஒரு சிறிய ரப்பர் ஷீட்டும், உங்களுக்கு மாற்றுடை ஒன்றும் இருக்கட்டும். குழந்தைக்கு ஐந்து சட்டைகள் எடுத்து வைக்கும் தாய்மார்கள், குழந்தை தங்கள் மீது வாந்தி எடுத்தால் தாங்கள் எதை உடுத்துவது என்பதை மறந்துவிடுகிறார்கள். அழுக்கு டயப்பரை ரயில் கழிப்பறைக்குள் போடக் கூடாது. இப்போது பெட்டிகளில் உள்ள பயோ-டாய்லெட் அதனால் அடைத்துக்கொள்ளும்.

5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு வேண்டாம். ஆகவே உங்களில் ஒருவருக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்குமாறு முன்பதிவின்போதே கேட்டுப் பாருங்கள். நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டும் நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்பது விதி. எட்டு மணிக்கே உறங்கிவிடும் குழந்தை என்றால் சக பயணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள். படுக்கும்போது குழந்தை சுவரை ஒட்டியும் நீங்கள் வெளிப்புறமுமாகப் படுக்க வேண்டும். மாமியார் பட்டியலில் மின்சாரக் கெட்டில் இருந்தால் அது பெரிய பெட்டியிலேயே இருக்கட்டும்; ரயில் பெட்டியில் உள்ள மின் இணைப்பு கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உரியது, அதில் கெட்டில் செருகுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. வெந்நீரை நல்ல பிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கொலுசு, சங்கிலி, அரைஞாண் முதலியவற்றைக் கோயிலில் போட்டுக்கொள்ளலாம். இரவு ரயிலில் குழந்தையின் உடம்பில் பொன் வேண்டாம். கழுத்திலும் கையிலும் போடும் கறுப்பு மணிகள் அறுந்தால் நேராக வாய்க்குள் போகும் என்பதையும் பெரியவர்களிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கோயிலுக்கென்று ஒரு சிறு பை தனியே வேண்டும். புதிய பிளேடு, வீட்டில் இழைத்த சந்தனம், பருத்திக் குல்லா, காய்ச்சி ஆறவைத்த குடிநீர், மாற்றுடை, ஒரு துண்டு ஆகியவை அதில் இருந்தால் போதும். மொட்டை அடித்த உடனே தலையில் வெயில் பட்டால் குழந்தை சுருண்டுவிடும். ஆதலால் குல்லாவை மறக்க வேண்டாம், காலை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் தொண்டை அடைப்பான், கக்குவான் முதலியவற்றோடு ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) பாதுகாப்பு உண்டு; அந்த மூன்று தவணைகளும் முடிந்திருக்கின்றனவா என்று காது குத்துவதற்கு முன்பு அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கும், நீங்கள் பூசைக்கும் உறவினருக்கும் இடையே நின்றுகொண்டிருப்பீர்கள். எனவே அந்தப் பையைக் காலையிலிருந்து மாலைவரை தூக்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அது குழந்தையின் அப்பாவாக இருப்பதில் தவறொன்றும் இல்லை.

கேள்வி: 10 மாதக் குழந்தைக்குப் பயணத்தில் என்ன உணவு எடுத்துச் செல்லலாம்? பாட்டிலில் பால் கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். எத்தனை பாட்டில்கள் வேண்டும், எந்த நிறுவனத்தின் பாட்டில் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பால்புட்டிக்கும் குழந்தைப் பால்பவுடருக்கும் விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, நாமும் பெயர் சொல்வதாக இல்லை. அதைவிட முக்கியமான காரணம், பயணத்தில் பாட்டிலைச் சுத்தம் செய்வது பெரும்பாடு என்பதுதான். ரப்பர் காம்பின் உள்விளிம்பிலும் திருகு மூடியின் அடியிலும் பால் படிந்து நிற்கும். அதைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைக்க ரயிலிலோ பேருந்திலோ வழி இல்லை. எவர்சில்வர் பாலாடையும் சிறு டம்ளரும் மூலைமுடுக்கு இல்லாதவை. வெந்நீரில் கழுவினாலே துப்புரவாகிவிடும். 10 மாதக் குழந்தை டம்ளரில் குடிக்கப் பழகக்கூடிய வயதில்தான் இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டில் தொடங்குங்கள். தாய்ப்பாலும் கொடுப்பவராக இருந்தால் அதையே பெரிதும் நம்புங்கள். அதற்குப் பாத்திரமும் வேண்டாம், பிளாஸ்க்கும் வேண்டாம். 2015 ஆகஸ்டு முதல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. சாவி யாரிடம் இருக்கிறது என்று நேரக் காப்பாளர் அறையில் கேட்க வேண்டியிருக்கலாம், தயங்காமல் கேளுங்கள்.

பவுடர் பால்தான் என்றால், ஒவ்வொரு வேளைக்குமான பவுடரை அளந்து, உலர்ந்த சிறு டப்பாக்களில் தனித்தனியே போட்டுக்கொண்டு, கொடுக்கும் நேரத்தில் பிளாஸ்க் வெந்நீரில் கலக்கிக் கைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். கலக்கிய பால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. குழந்தை பாதியில் விட்டதை எடுத்து வைப்பதும் கூடாது.

திட உணவில், வீட்டில் வறுத்து அரைக்கும் அரிசி–பருப்பு மாவை வெந்நீரில் மட்டும் கரைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது சரியாக வேகாது, வயிற்றை உப்பச் செய்யும். அவல் அப்படிப்பட்டதன்று, நெல்லை ஊறவைத்து வறுத்துத் தட்டி எடுப்பதால் அது ஏற்கெனவே பக்குவப்பட்டிருக்கிறது. மெல்லிய அவலை லேசாக வறுத்துப் பொடித்து, அதில் நான்கில் ஒரு பங்கு பொட்டுக்கடலைப் பொடி சேர்த்து வைத்துக்கொண்டால், இரண்டு கரண்டிப் பொடியில் கொதிக்கும் வெந்நீர் விட்டு மூடி வைத்த சில நிமிடங்களில் கெட்டியான கூழ் கிடைத்துவிடும். முதல்முறையாகப் பயணத்தில் கொடுத்துப் பார்க்காமல் வீட்டிலேயே சில நாள் கொடுத்துப் பழக்குங்கள். காலையில் அவித்த இட்லி மதியம்வரை தாங்கும். வாழைப்பழத்துக்குத் தோலே உறை. தயிர்சாதத்தை வெயில் காலத்தில் குழந்தைக்கென்று கட்டி எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் எவ்வகையிலும் கூடாது; நாக்கில் தடவுவதும் அதில் அடங்கும்.

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு 11 மாதம். பிறந்ததிலிருந்து தூளியில்தான் தூங்குகிறாள். வெளியூரில் விடுதி அறையில் தூளி கட்ட வழியில்லையே, என்ன செய்வது? மடக்குத் தொட்டில் வாங்கலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் உத்தரத்திலேயே கொக்கி இருக்கும், விடுதி அறையில் மின்விசிறிக் கொக்கி ஒன்றுதான் இருக்கும், அதைத் தொடவே கூடாது. ஜன்னல் கம்பியில் கட்டுவதும், ரயிலில் இரண்டு மேல் படுக்கைகளின் சங்கிலிகளுக்கு இடையே கட்டுவதும் பல குடும்பங்களில் வழக்கம்தான் என்றாலும், வண்டி குலுங்கும்போது முடிச்சு வழுக்கினால் பிடிக்க யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மடக்குத் தொட்டில் ஸ்டாண்டு வீட்டுக்கு நல்லது; பயணத்துக்கு அது பெரிய சுமை.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து பகல் தூக்கத்தை மட்டும் தரைக்கு மாற்றிப் பாருங்கள். தூளியில் ஆட்டி, கண் சொருகும் நேரத்தில் இறக்கிப் பாயில் கிடத்தித் தட்டிக் கொடுங்கள். முதல் சில நாள் அழுவாள், பிறகு பழகிவிடும். ஊருக்குப் போகும்போது தூளிப் புடவையைத் துவைக்காமல் அப்படியே மடித்து எடுத்துச் செல்லுங்கள். சோப்பு வாசனை வீசும் புதுத் துணியைவிட, தன் பால் வாடையும் எண்ணெய் வாடையும் உள்ள அந்தப் பழந்துணியை மெத்தையில் இறுக்கமாக விரித்துச் செருகினால் குழந்தை சீக்கிரம் அடங்கும். கட்டிலில் தனியே விடாமல், மெத்தையைத் தரையில் இறக்கிப் போடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான விடுதிகளில் மறுக்க மாட்டார்கள். குடை போல விரியும் சிறு கொசுவலை எடையற்றது, அதை எடுத்துச் செல்வது நல்லது. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவது குழந்தையின் மூச்சுக்கு ஆகாது.

கேள்வி: இரண்டரை வயது மகனோடு காரில் ஊட்டிக்குப் போகிறோம். மலைப்பாதையில் வாந்தி எடுப்பானோ என்று பயமாக இருக்கிறது. குளிருக்கு எவ்வளவு துணி வேண்டும்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: பயண வாந்தி 2 வயதுக்குக் கீழ் அரிது, உங்கள் மகன் அது தொடங்கும் வயதில் இருக்கிறான். மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவைச் சிறிதளவு கொடுங்கள். வயிறு முட்டப் பால் வேண்டாம். கைபேசியில் படம் காட்டிக்கொண்டே போவது வாந்தியை வரவழைக்கும் நிச்சயமான வழி. ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரங்களைப் பார்க்கச் செய்யுங்கள். வாந்தித் தடுப்பு மருந்து மருத்துவர் சொல்லாமல் கூடாது. கவர்கள், ஈரத்துணி, ஒரு மாற்றுச் சட்டை ஆகியவை டிக்கியில் இல்லாமல் உங்கள் காலடியில் இருக்க வேண்டும்.

காரில் மடியில் வைத்துக்கொள்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். வாங்க இயலாதவர்கள் உறவினரிடம் இரவல் கேட்கலாம், ஆனால் விபத்துக்குள்ளான காரில் இருந்த இருக்கையை வாங்கக் கூடாது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். சோதனைச் சாவடி வரிசையில் பசித்த குழந்தையோடு நிற்பதைவிட வீட்டில் ஐந்து நிமிடம் செலவிடலாம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு அங்கே தடை இருப்பதால், வழக்கம்போல் ஒரு டஜன் பாட்டில்களை டிக்கியில் போட்டுக்கொண்டு போக முடியாது. இரண்டு பெரிய எவர்சில்வர் பாட்டில்களும் ஒரு பிளாஸ்க்கும் எடுத்துச் செல்லுங்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் கஞ்சி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். குடிநீரைக் கொதி வந்த பிறகும் 3 நிமிடம் விட்டு இறக்க வேண்டும்.

துணியைப் பொறுத்தவரை, தடித்த ஸ்வெட்டர் நான்கு எடுத்துச் செல்வதைவிட, உள்ளே பருத்தி, அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஒரே ஒரு ஸ்வெட்டர் என்று அடுக்கி உடுத்துவது நல்லது. கோடையில்கூட அங்கே மாலை ஐந்து மணிக்குமேல் குளிரும், நண்பகலில் வேர்க்கும்; கழற்றவும் போடவும் எளிதாக இருக்க வேண்டும். காலுறை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், புல்வெளியில் அரை மணி நேரத்தில் நனைத்துவிடுவான்.

கேள்வி: குழந்தைக்கு எந்தெந்த மருந்துகளை எடுத்துச் செல்ல வேண்டும்? முன்பு எழுதிக் கொடுத்த இருமல் சிரப் வீட்டில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: அதை எடுத்துச் செல்லாதீர்கள், வீட்டிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததையடுத்து, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், 5 வயதுவரை பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் வேண்டும். இதில்தான் பயணத்தில் தவறு நேர்கிறது. டிராப்ஸ் என்று விற்கப்படுவதில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. மருந்து இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி. இருக்கும். வீட்டில் 125 மி.கி. சிரப்பை 5 மி.லி. கொடுத்துப் பழகியவர், ஊரில் அவசரத்துக்கு வாங்கிய டிராப்ஸை அதே 5 மி.லி. கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே, குழந்தையின் இப்போதைய எடையைச் சொல்லி, அந்த எடைக்கு எத்தனை மி.லி. என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை அந்தப் புட்டியோடே ஒட்டிவிடுங்கள். அளவுக் குப்பியையோ ஊசியில்லா சிரிஞ்சையோ அதனுடனே கட்டி வையுங்கள். சமையல் கரண்டியால் அளப்பது எப்போதுமே கூடாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு மருந்து வேண்டாம், நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்தது, பேதியாகும்போது கலக்கிக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு–சர்க்கரைப் பொட்டலம். 1 லிட்டர் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் "கொஞ்சம்" போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு மாறிக் கேடு விளையும். கலக்கியது 24 மணி நேரம்தான். 1 லிட்டர் அளவுக் கோடு போட்ட பாட்டில் ஒன்றைக் கையில் வைத்திருப்பது இதற்காகத்தான். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கடையில் அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்கும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்ப வேண்டாம். சரியான சேர்மானம் இல்லாத பானங்களின் மீது அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கண்கள் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

டயப்பர் புண்ணுக்கு மருத்துவர் சொன்ன களிம்பு, வெப்பமானி, சிறு பஞ்சு, நகவெட்டி இவ்வளவே. பட்டியல் இதைவிட நீண்டால் எதையோ அஞ்சி எடுத்து வைக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: மகளின் பேறுகாலம் முடிந்து, 5 மாதப் பேரனோடு அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கிறேன். நான் விமானத்தில் போவது முதல்முறை. நாங்கள் குழந்தை வளர்த்த காலத்தில் ஒரு மூட்டையில் எல்லாம் அடங்கியது. இப்போது மகள் ஒரு பெட்டி நிறைய அடுக்குகிறாள்.
— ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் மூட்டைக் கணக்கில் பெரும்பகுதி இன்றும் செல்லும். 5 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. 6 மாதம் நிறையும்வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பதால் உணவுப் பை என்று ஒன்றே தேவையில்லை. சிங்கப்பூரில் குழந்தைக்கானவை யாவும் கிடைக்கும். ஒரு மாத டயப்பரைப் பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை என்று மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் காலத்தில் இல்லாத காகிதங்கள் இப்போது வேண்டும். பேரனுக்குத் தனிப் பாஸ்போர்ட் கட்டாயம். சிறுவர்களுக்கு அது 5 ஆண்டு செல்லும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவனுக்கும் விசா அல்லது அங்கு தங்குவதற்கான அனுமதி இருக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை தாயின் மடியில் பயணம் செய்யலாம் என்றாலும் அவன் பெயரிலும் டிக்கெட் உண்டு. பாஸ்போர்ட், டிக்கெட், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் அசலும் நகலும் கைப்பையின் மேல் அறையில் இருக்கட்டும்.

கைப்பையில் திரவப் பொருள் எதுவும் 100 மி.லி.க்கு மிகாத புட்டியில்தான் அனுமதி. பயணத்துக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கும் குழந்தை மருந்துக்கும் விலக்கு உண்டு, சோதனையின்போது அவற்றைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். நீங்கள் ஆசையாகக் கட்டி வைத்திருக்கும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஊறுகாய் ஆகியவை கைப்பையில் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போக நேரும்; அவற்றைக் கசியாதபடி இரட்டை உறை போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். விமானம் ஏறும்போதும், குறிப்பாக இறங்கத் தொடங்கும்போதும், காது அடைப்பால் குழந்தை வீறிடும். அந்த நேரத்தில் மகள் பால் கொடுத்தால் விழுங்க விழுங்க அடைப்பு விடும். அதனால் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு அவன் பசித்து விழிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். உங்களுக்கும் மகளுக்கும் நிரப்பும்போது பேரனுக்கும் தனியாக ஒன்று நிரப்பச் சொல்லுங்கள்.